சாரலைத் துடைக்கும் ஸ்லைடர்

கல்யாண ஆல்பமோ பாட்டு ஆல்பமோ, தென்காசி டிசைனரின் திரையில் கடைசியில் வந்து விழுவது ஓர் அருவிதான். அது எந்த ஊர் அருவி என்பதில்தான் கதையே இருக்கிறது.

தென்காசியில் ஒரு கடைக்குள் நுழைந்து, "ஆல்பம் டிசைன் பண்ணணும்" என்று சொல்லிப் பாருங்கள். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேள்வி வரும்: "கல்யாணமா, பாட்டா அண்ணாச்சி?"

இரண்டுக்கும் ஒரே சொல். கல்யாண ஆல்பம் என்றால் 12க்கு 36 அங்குலத்தில் விரியும் தாள்கள், மேலே அக்ரிலிக் அட்டை, அதை வைக்க ஒரு பெட்டி, பெட்டியைத் தூக்க ஒரு பை. பாட்டு ஆல்பம் என்றால் கோயில் கொடை விழாவுக்கு வெளியிடும் பக்திப் பாடல்களாக இருக்கும். அல்லது உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த காதல் பாட்டாக இருக்கும். அதற்கு ஒரு சதுர அட்டைப்படம், யூடியூபுக்கு ஒரு தம்ப்நெயில், வெளியீட்டு விழா மேடையில் வரிசையாக நின்று தூக்கிப் பிடிக்க மட்டும் பத்து சிடி கவர். சிடிக்குள் பாட்டு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கிற கருவியும் யார் வீட்டிலும் இல்லை.

இரண்டு ஆல்பத்தையும் செய்வது ஒரே ஆள், ஒரே கம்ப்யூட்டர், ஒரே போட்டோஷாப்.

நான் போனபோது ஆனி மாதக் கடைசி. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று, வழக்கம்போல, ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. டிசைனருக்கு முப்பது வயது இருக்கலாம். பேரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "கஸ்டமர் எல்லாம் சொந்தக்காரவ மாதிரி. நான் ஒண்ணு சொல்ல, அவிய ஒண்ணு நெனைக்க."

திரையில் குற்றாலம் பேரருவி. ஒரு பாட்டு ஆல்பத்துக்காக, பாலத்துப் பக்கம் குடை பிடித்து நின்று அவரே எடுத்த படம். பாதிப் படம் வெளுத்துப்போய், பாலில் கழுவியது மாதிரி இருந்தது. பாறைக்கும் மரத்துக்கும் நடுவே கோடே தெரியவில்லை.

"இப்ப ஒரு வேடிக்கை பாருங்க" என்று ஒரு ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தார். ஆங்கிலத்தில் அதன் பெயர் டீஹேஸ். மங்கலை எடுப்பது அதன் வேலை. 2015இல் வந்த வசதி. கண்மூடித் திறப்பதற்குள் படம் தெளிந்தது. பாறை கறுத்தது, இலைக்கு இலை பிரிந்தது, தண்ணீர் சுண்ணாம்புக் கோடாக இறங்கியது. படம் பளிச்சென்று இருந்தது. குற்றாலம் போய்விட்டது.

"என்ன காணோம்னு சொல்லுங்க."

சாரல்தான் காணவில்லை. அந்த ஸ்லைடரைப் பொறுத்தவரை சாரல் என்பது படத்தில் உள்ள ஒரு கோளாறு. டெல்லிப் பனிமூட்டத்துக்கும் கொதிக்கும் வெயிலின் மங்கலுக்கும் சொல்லும் மருந்தையே இதற்கும் சொல்கிறது. ஆனால் இந்த ஊருக்கு ஆட்கள் வருவதே அந்தக் கோளாறுக்காக. அருவியில் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில்கூட "சாரல் நல்லா அடிக்குதுல்லா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள். அரசாங்கமே விழா எடுக்கிறதென்றால் அதற்குப் பெயர் அருவி விழா இல்லை, சாரல் விழா.

ஸ்லைடரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். பிறகு இடப்பக்கம், ஒரு நூலளவு. மங்கல் இன்னும் கொஞ்சம் கூடியது.

முகூர்த்தமும் சீசனும்

இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. குற்றாலத்தில் சீசன் ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை. அதில் உச்சம் ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் நெருக்கமாக நடக்கிற தை, மாசி, பங்குனி, சித்திரையில் அருவி நூலாகக் கிடக்கும், அல்லது பாறையில் செதுக்கிய லிங்கங்கள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் இருக்கும்போது மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை வரும்போது தண்ணீர் இல்லை. ஆவணியிலும், வடகிழக்குப் பருவமழை நேரத்து ஐப்பசி, கார்த்திகையிலும் இரண்டும் சேர்ந்து வரலாம். அப்போது வெள்ளம் அதிகமென்று அருவிப் பக்கமே போக விடாமல் கயிறு கட்டியிருப்பார்கள்.

ஆனால் தென்காசிக் கல்யாண ஆல்பத்தில் அருவி இல்லாமல் முடியாது. அப்படியானால் ஒட்ட வேண்டியதுதான். வைகாசியில் கட்டிய தாலிக்கு ஆனியில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஆடி பிறந்ததும் போட்டோகிராபர்களுக்கு ஓய்வு. டிசைனர்களுக்கு அப்போதுதான் ராத்தூக்கம் போகும்.

ஒட்டுவது என்றால் வெட்டி ஒட்டுவதா? அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆல்பங்களில் மணமக்கள் அருவிக்கு முன்னால் அட்டை பொம்மை மாதிரி நிற்பார்கள். காரணம் வெளிச்சம். சித்திரை வெயிலில் எடுத்த முகத்தில் மூக்குக்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் விழுந்திருக்கும். சீசன் குற்றாலத்தில் நிழலே கிடையாது. வானம் முழுக்க ஒரே வெள்ளைத் துணி. அந்த மூக்கு நிழல் ஒன்று போதும், காட்டிக்கொடுக்க. ஆகவே முதலில் வெயிலில் எடுத்த படங்களை ஒதுக்கிவிட்டு, பந்தல் நிழலிலோ மண்டப வாசலிலோ நின்ற படமாகத் தேடுகிறார். நிறத்தில் மஞ்சளைக் குறைத்து ஒரு சொட்டு நீலம் சேர்க்கிறார். பெண்ணின் தலைமுடிதான் பெரிய வேலை. மல்லிகைச் சரத்துக்கும் காதோரம் பறக்கும் முடிக்கும் மாஸ்க் போட்டு முடிக்கவே முக்கால் மணி நேரம். அவசரக்காரர்கள் அந்தப் பறக்கும் முடியை வெட்டித் தள்ளிவிடுவார்கள். பெண்ணுக்குத் தொப்பி வைத்தது போல இருக்கும்.

அப்புறம் தண்ணீர். கறுப்புப் பாறை மேல் விழும் வெள்ளைத் தண்ணீரை எடுத்து, அந்த லேயரை, அதாவது படத்தின் அந்த அடுக்கை, ஸ்கிரீன் முறைக்கு மாற்றினால் கறுப்பு கரைந்து வெள்ளை மட்டும் மிஞ்சும். அந்த வெள்ளையை மங்கலாக்கி இரண்டு பங்கு. ஒன்று ஆட்களுக்குப் பின்னால். இன்னொன்று முன்னால், முழங்காலுக்குக் கீழே, பட்டுப்புடவைக் கரையைத் தொட்டும் தொடாமலும். "பின்னால மட்டும் சாரல் வச்சா அது சீன். முன்னாலயும் வந்தாத்தான் அவிய அங்ஙன நிக்காவ." அவர் லேயர்களுக்கு வைக்கிற பெயர்கள்: தண்ணி 1, தண்ணி 2, சாரல் முன், சாரல் பின், மாப்ள.

வேறு நாளின் ஆகாயத்தை ஒட்டுவது பழைய வித்தை. பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' இசைத்தட்டு அட்டையில் லண்டன் பாட்டர்ஸீ மின்நிலையத்துக்கு மேல் ஒரு பன்றி பலூன் மிதக்கும். 1976 டிசம்பரில் படப்பிடிப்பு. முதல் நாள் மேகம் பிரமாதம், பன்றி பறக்கவில்லை. அடுத்த நாள் பன்றி கயிறு அறுத்துக்கொண்டு விமானப் பாதையில் போய், கெண்ட் பக்கம் ஒரு பண்ணையில் இறங்கியது. மூன்றாம் நாள் பன்றி ஒழுங்காக நின்றது, மேகம் போய்விட்டது. கடைசியில் முதல் நாள் வானத்தில் மூன்றாம் நாள் பன்றியை ஒட்டினார்கள். போட்டோஷாப் பிறக்கப் பதின்மூன்று வருடம் இருந்தது அப்போது. அதற்கும் முன்பு, 1967இல், பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' அட்டைக் கூட்டத்தில் காந்திக்கும் ஓர் இடம் இருந்தது. இந்தியாவில் மனம் புண்படும் என்று கம்பெனி பயந்ததால் அவரை நீக்கிவிட்டார்கள். அழிப்பதும் பழைய வித்தைதான்.

எனக்கு இதில் ஒட்டுவது பற்றிப் புகார் இல்லை. எதை ஒட்டுகிறார்கள் என்பதில்தான். சென்ற தை மாதம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஆல்பம் புரட்டினேன். ஒரு தாள் முழுக்க அருவி. அதன் ஓரங்களில் ஊசியிலை மரங்கள், உச்சியில் பனி. மாப்பிள்ளைக்கு ஊர் இலஞ்சி. ஐந்தருவிக்கு அவர் வீட்டிலிருந்து சைக்கிளில் போகலாம். அவர் கல்யாணத்துக்கு எங்கோ குளிர்தேசத்து அருவி! யாரோ எங்கோ செய்து, இணையத்தில் கட்டுக்கட்டாக விற்கும் பிஎஸ்டி டெம்ப்ளேட்டில் இருந்த அருவி அது. திறந்து, ஆளை வைத்து, மூடினால் ஒரு தாள் முடிந்தது. ஒரு ராத்திரியில் நாற்பது தாள் முடிக்க வேண்டியவருக்கு வேறு வழி இல்லை என்பதும் தெரிகிறது. இருந்தாலும், அந்த வீட்டுக் கிழவி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த அருவில? பழைய குத்தாலமா?" என்று கேட்டபோது பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

முகமில்லாத குரல்

பாட்டு ஆல்பத்துக்கு வருவோம். அட்டைப்படம் என்ற பொருளே இல்லாமல் இந்த மண்ணின் மிகப் பெரிய குரல் ஒன்று விற்றது. எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையில் அவர் குரலுக்குக் கூட்டம் கட்டுண்டு கிடந்தது. 1933 டிசம்பர் 2 அன்று, 27 வயதில் போய்விட்டார். மிஞ்சியவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகள். பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். அந்தத் தட்டுகள் வந்தது காகித உறையில். நடுவே வட்டமாக ஒரு துளை, துளை வழியே தட்டின் லேபிளில் பெயர் தெரியும். உறை எல்லோருக்கும் பொது. உள்ளே கிட்டப்பாவா வேறு யாரோவா என்பதைத் துளைதான் சொல்லும்.

உலகம் முழுக்க அன்று அதுதான் நிலை. நாலைந்து 78 தட்டுகளைச் சேர்த்து, போட்டோ ஆல்பம் மாதிரியே பைண்டு செய்த தடித்த புத்தகத்தில் செருகி விற்றார்கள். பாட்டுத் தொகுப்புக்கு ஆல்பம் என்ற பெயர் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தது. ஆக, "கல்யாணமா, பாட்டா?" என்ற கேள்வி தென்காசியில் தொடங்கியதல்ல. அந்தப் புத்தகத்தின் மேலட்டையில் படம் போடலாம் என்று அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் சொல்லி, 1940இல் முதல் அட்டை வந்தது. கிட்டப்பா இறந்து ஏழு ஆண்டு ஆகியிருந்தது.

நம் பக்கம் அட்டைப்படத்தின் வேலையைச் செய்தது வேறொன்று. நாடகக் கொட்டகை வாசலிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் விற்ற பாட்டுப் புத்தகம். மலிவுத் தாள், மேலட்டையில் நாயகன் நாயகி. தட்டு வாங்க முடியாதவரும் பாட்டுப் புத்தகம் வாங்கினார். படம் பார்த்தது அதில், பாட்டுப் பாடியதும் அதை வைத்துத்தான். தமிழ் ஆல்பம் அட்டையின் சரித்திரத்தை யாராவது எழுதினால் இசைத்தட்டில் தொடங்கக் கூடாது, பாட்டுப் புத்தகத்தில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

நாடகத்துக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலைகளையும் மறக்கக் கூடாது. தர்பார், தெரு, காடு, மலை, அருவி என்று மாற்றி மாற்றி இறக்குவார்கள். அப்படித் திரை எழுதிய ஒருவர், சி. கொண்டையராஜு, நாடகக் கம்பெனியோடு கோவில்பட்டி வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி வீடு வீடாகப் போனார்கள். திரைச்சீலையின் இன்னொரு கிளை போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தது. பழைய ஸ்டூடியோ படங்களில் குழந்தைக்குப் பின்னால் ஒரு பூங்கா, ஒரு மாடிப்படி, ஒரு அருவி இருக்குமே, அது. யோசித்தால் இன்றைய டெம்ப்ளேட் அருவி அந்தத் திரைச்சீலையின் பேரன்தான். ஒரு வித்தியாசம். திரைச்சீலை எழுதியவர் சீசனுக்குக் குற்றாலம் போய்க் குளித்தவராக இருந்திருப்பார்.

கேசட் காலம் வந்தபோது எல்லாம் ஒன்று சேர்ந்தன. எண்பதுகளில் கேசட் மலிந்ததும் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, அம்மன் பாட்டு, ஐயப்பன் பாட்டு என்று தெற்கு மாவட்டங்களுக்கே உரியவை கேசட்டில் ஏறின. சபரிமலை சீசனில் செங்கோட்டை வழியாகப் போகிற சாமிகள் குற்றாலத்தில் குளித்துவிட்டுத்தான் போவார்கள். அருவி இரைச்சலை மீறிக் கேசட் கடைகள் பாடும். கேசட் அட்டையின் முன்பக்கம் இரண்டரை அங்குல அகலம், நாலு அங்குல உயரம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் காலண்டரிலிருந்து ஒரு சாமி, வட்டத்துக்குள் பாஸ்போர்ட் சைஸில் பாடகர், சிவப்பில் மஞ்சள் விளிம்பு கட்டிய தலைப்பு, கீழே கம்பெனி பெயர். அழகு பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டில், பத்தடி தூரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருநூறு கேசட்டுக்கு நடுவே தனக்கு வேண்டிய சாமியைக் கண்டுபிடிக்கும்படி இருந்தது அது. இன்றைய செல்போன் திரையில் 3000க்கு 3000 பிக்சலில் செய்த அட்டைப்படம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கித் தெரிகிறது. கேசட் அட்டை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என்ன, இப்போது பத்தடிக்குப் பதில் ஒரு அடி.

பச்சையும் கொம்பும்

போட்டோஷாப்பை உண்டாக்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள். அடோபி அதை 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. லேயர் வந்தது 1994இல். அதற்கு முன் ஒட்டினால் ஒட்டினதுதான், பிரிக்க முடியாது. நம் ஊர் டிடிபி கடைகளில் அது திறக்கும் வரை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு பெயர் மனப்பாடம். மென்பொருள் செய்தவர்கள் பட்டியலில் சீதாராமன் நாராயணன். யாரென்று தெரியாவிட்டாலும், மெதுவாக ஓடுகிற கம்ப்யூட்டர் முன்னால் தினமும் ஐந்தாறு தடவை அந்தப் பெயரைப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

பட்டியலில் தமிழ்ப் பெயர் இருந்ததே தவிர, மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை. பழைய பதிப்புகளில் யூனிகோடில் தமிழ் தட்டினால் எழுத்து சிதறும். தென்காசி என்று எழுதினால் கொம்பு தகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய், புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும். குற்றாலம் என்று எழுதினால் முதலெழுத்தே இரண்டாக உடையும். அம்மன் கொடை அட்டையில் கொடை குடை சாயும். இந்திய மொழிகளுக்கான எழுத்து ஏற்பாடு பிற்காலத்தில்தான் வந்தது. அதையும் செட்டிங்கில் தேடி நாமே திருப்பிவிட வேண்டும். அதுவரை கைகொடுத்தவை பாமினி, ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்கள். இன்றும் பல கடைகளில் வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு வரியை ஒரு மாற்றியில் போட்டு, பாமினியாக்கி, அதற்கப்புறம்தான் அட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். பழக்கம் மட்டும் காரணமில்லை. சிதைந்த கொம்போடு ஐந்நூறு அட்டை அச்சாகி வந்த நாளை யாரும் லேசில் மறப்பதில்லை.

எழுத்தைச் சரிசெய்தாலும் நிறம் இருக்கிறது. குற்றாலத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் கிடையாது. ஆனி மழைக்குப் பின் செண்பகாதேவி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிற பச்சை, திரையில் தெரிகிறது, தாளில் வராது. திரை வெளிச்சத்தைத் தருவது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அங்கே விளக்குகள். தாள் வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பது. அச்சு எந்திரத்தில் பச்சை என்று ஒரு மையே இல்லை. சயான் நீலத்தின் மேல் மஞ்சளை ஏற்றிப் பச்சை என்று நம்ப வைக்க வேண்டும். ஒவ்வொரு மையும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும். மிஞ்சுவது துவைத்த பச்சை. படத்தை நாலு கலருக்கு மாற்றும் பொத்தானை அமுக்கியதும் திரையிலேயே காடு ஒரு சுற்று வாடுவதைப் பார்க்கலாம்.

சிவகாசி இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக பஸ் ஏறி புரூஃப் பார்த்துவிட்டு வந்த காலம் உண்டு. அச்சகத்துக்காரர் சொல்வார்: வேண்டுமானால் பச்சைக்கென்று தனி மை ஊற்றி ஐந்தாவது பிளேட் போடலாம். ஐந்தருவிக்கு ஐந்தாவது பிளேட்! செலவைக் கேட்டதும் வாடின பச்சையே அழகாகத் தெரியும். அனுபவப்பட்ட டிசைனர் பச்சையைக் கூட்ட முயல்வதில்லை. பக்கத்தில் இருப்பதை மாற்றுவார். ஈரப் பாறையைக் கறுப்பு மையோடு மற்ற மைகளும் சேர்த்து நல்ல ஆழமான கறுப்பாக்குவார். வெறும் கறுப்பு மை தாளில் சாம்பலாகத்தான் தெரியும். ஓரத்தில் ஒரு சிவப்புப் புடவை, ஒரு குங்குமத் துண்டு வந்தால் பச்சை தானாக நிமிரும். பாட்டியம்மா முற்றத்தில் கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ வைப்பது மாதிரி.

கல்யாண ஆல்பம் பெரும்பாலும் லேபில் போட்டோத் தாளிலேயே வருவதால் பச்சை அவ்வளவு வாடாது. அங்கே கவலை வேறு. 12க்கு 36 அங்குலத் தாள் ஒன்று, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் மூன்று கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். இத்தனை பெரிய தாளின் சரிபாதியில் ஒரு மடிப்பு. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் அழகாக நடுவில் மணமகளை வைப்பார். பைண்டிங் முடிந்து வரும்போது மடிப்பு மூக்கில் ஏறியிருக்கும். மடிப்பில் வானம் வரலாம், தூண் வரலாம், தாய்மாமன் தோள்கூட வரலாம். மூக்கு வரக் கூடாது.

எது வரைக்கும்?

தென்காசியில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரரைப் பார்த்தேன். நெகட்டிவில் கூரான பென்சிலால் முகப்பரு அழித்தவர். போட்டோஷாப்பில் வெளிச்சம் கூட்டும் கருவியின் படத்தைக் காட்டினால் சிரிக்கிறார். கம்பி முனையில் அட்டை வட்டத்தைச் செருகி, என்லார்ஜருக்கும் தாளுக்கும் நடுவே ஆட்டிக்கொண்டிருப்பார்கள் அந்தக் காலத்தில். அந்த அட்டைதான் இந்தப் படம். இருட்டாக்கும் கருவிக்கு, விரல்களைக் குவித்த கை. "நாங்க கையால செஞ்சத படமா போட்டு வச்சிருக்கான்."

அவர் அழித்தது பருவை. இன்று நிறத்தையே அழிக்கிறார்கள். மாநிறப் பெண்ணை மாவு நிறமாக்கித் தருவது எழுதப்படாத ஒப்பந்தம். கேட்காமலே செய்கிறார்கள், செய்யாவிட்டால் "முகம் டல்லா இருக்கே" என்று மாமியார் வீட்டிலிருந்து போன் வரும். கையும் கழுத்தும் சில சமயம் மறந்துபோய், முகம் ஒரு ஊரும் கை ஒரு ஊருமாக இருக்கும். அருவிச் சாரலைத் துடைக்கிற அதே கைதான் இதையும் செய்கிறது. வெயில் பட்ட மண்ணில் வளர்ந்த தோலும் கோளாறு என்று எந்த ஸ்லைடர் சொன்னது? அது ஸ்லைடர் சொன்னதில்லை, நாம் சொன்னது. மாடிப்படிக் கடைத் தம்பியிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் மௌசை உருட்டினார். "அட்டையில பண்ணமாட்டேன். உள்ள கேட்டா பண்ணுவேன். கரண்ட் பில்லு கட்டணும்லா."

2023இலிருந்து போட்டோஷாப்பிலேயே வார்த்தை சொன்னால் படம் வரையும் வசதி வந்துவிட்டது. அந்த வகையில் ஏதோ ஒன்றில் குற்றாலம் பேரருவி என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு காடு, நடுவில் நூல் பிடித்த மாதிரி நேராக இறங்கும் அருவி, கீழே நீலக் குளம். பேரருவி நேராக இறங்காது. பாதி வழியில் பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, அங்கிருந்து பரந்து விழும். அந்த நடுப்பள்ளம் வாங்கிக்கொள்வதால்தான் கீழே நிற்கிறவன் பிழைக்கிறான். படத்தில் வந்த அருவியின் கீழ் நின்றால் மண்டை உடையும். கேமராவை நாலிலொரு வினாடி திறந்து வைத்து, தண்ணீரைப் பட்டுத்துணி மாதிரி எடுக்கிறார்களே, அதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. குற்றாலத்துத் தண்ணீர் தடவாது. முதுகில் நாலு பேர் சேர்ந்து கும்முவது மாதிரி இருக்கும். அந்தக் கனம் படத்தில் தெரிய வேண்டும். ஆயிரத்திலொரு வினாடியில் துளித்துளியாக உறைய வைத்தாலும் தெரிவதில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

திரும்பும் வழியில் குற்றாலத்துச் சித்திரசபைக்குப் போனேன். நடராசரின் ஐந்து சபைகளில் இது ஒன்று. பொன், வெள்ளி, தாமிரம், ரத்தினம் என்று மற்ற ஊர்களில் இருக்க, இங்கே சபை சித்திரத்தால் ஆனது. ஆடவல்லானுக்கு இங்கே சிலை கிடையாது. சுவரில் மூலிகை வண்ணத்தில் எழுதிய ஓவியம்தான் மூலவர். ஊரே குளிக்க வருகிற இடத்தில், நீராட்ட முடியாத ஒரு சாமி. கண் இருட்டுக்குப் பழகியதும் பச்சை தெரிகிறது. இலையும் மண்ணும் கல்லும் அரைத்த பச்சை. திரையில் இருக்கிற பச்சையும் இல்லை, சிவகாசிப் பச்சையும் இல்லை. வெளியே ஈர வேட்டியோடு ஓடுகிற கூட்டத்தில் உள்ளே எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆல்பம் வேலை செய்கிற யாரும் அதைப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. படம் எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனபோது பாட்டு ஆல்பத்தின் அட்டை முடிந்திருந்தது. சாரல் இருந்தது. கீழ் மூலையில் லென்ஸில் ஒட்டிய ஒரு நீர்த்துளி, மங்கலாக, வட்டமாக. அதை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கு போன் வந்தது. பேசிவிட்டு வைத்தார்.

"வைகாசிக் கல்யாணம் அண்ணாச்சி. ஃபால்ஸ்ல தண்ணி பத்தலையாம். கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுதாவ."

அன்று காலையிலிருந்து பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. அவர் வேறு ஃபைலைத் திறந்து, லேயர் பட்டியலில் 'தண்ணி 2'ஐத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு நகல் எடுத்தார். பெயர் தட்டினார்: தண்ணி 3.